வாயில் மறுத்தல்: புது லேப்டாப் கண்டு ஊடிய வாடிக்கையாளர் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மனிதத் துயரங்களில் பெரும்பாலானவற்றை அறிஞர்கள் வகைப்படுத்திவிட்டார்கள். கடன், காதல், மூட்டுவலி மூன்றுக்கும் தனித்தனி நிபுணர்கள் இருக்கிறார்கள். ஒரு துயரம் மட்டும் எந்தத் துறையிலும் சேராமல் தெருவில் நிற்கிறது. ஒரே நிறுவனத்தின் லேப்டாப்பைப் பத்து ஆண்டுகளாக வாங்கியவர், அதன் பெருமையை அலுவலகத்தில் பரப்பியவர், வேண்டாம் என்ற மைத்துனரையும் அதையே வாங்க வைத்தவர் ஒருவர் இருக்கிறார். அந்த நிறுவனம் புதிய மாடலை வெளியிடுகிறது. அவர் பார்க்கிறார். பேச்சு நின்றுவிடுகிறது.

நுகர்வோர் நீதிமன்றம் இந்த வழக்கை ஏற்காது. பொருளை அவர் இன்னும் வாங்கவே இல்லை. மருத்துவரிடம் போனால் ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பிவிடுவார். வீட்டில் சொன்னால், "பிடிக்கலைன்னா வாங்காதீங்க" என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்துவிடும்.

மறுக்க முடியாத அந்த ஒரு வரி ஏன் அவருக்கு எந்த ஆறுதலும் தருவதில்லை என்பதுதான் இந்த ஆய்வின் சிக்கல். கருதுகோள் வருமாறு: இது ஏமாற்றம் அல்ல, ஊடல். ஏமாந்தவர் கடை மாறுவார். ஊடுபவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

ஆய்வு எல்லை 2016 அக்டோபர் 27 முதல் 2021 அக்டோபர் 18 வரை. ஆய்வுப் பொருள் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ப்ரோ. ஒப்பிடுவதற்கு மட்டும் ஒரு கறுப்புப் பெட்டி இடையில் வந்து போகும்.

2. முன்னோர் ஆய்வுகள்

முன்னோரைச் சுட்டாத ஆய்வேட்டைத் தேர்வாளர் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார். எனவே ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். இந்தப் பொருளியலாளர் 1970இல் ஒரு சிறு நூல் எழுதினார். வெளியேறல், குரல், விசுவாசம் என்ற மூன்று சொற்களே அதன் தலைப்பு. ஒரு நிறுவனத்தின் தரம் சரியும்போது வாடிக்கையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார் அவர்: ஓசையில்லாமல் வேறு இடம் போகலாம், அல்லது நின்று குரல் கொடுக்கலாம். இந்தச் சிந்தனை அவருக்கு நைஜீரிய ரயில்வேயைப் பார்த்து வந்தது. லாரிகள் போட்டிக்கு வந்த பிறகும் அந்த ரயில்வே திருந்தவில்லை. காரணம், சண்டை போடக்கூடிய வாடிக்கையாளர்கள் எல்லாரும் சரக்கை லாரியில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களிடமிருந்து சத்தமே வரவில்லை.

அப்படியானால் சத்தம் எங்கிருந்து வரும்? போகவும் மனமில்லாமல் பொறுக்கவும் முடியாமல் இருப்பவரிடமிருந்து. ஹிர்ஷ்மன் அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தார்.

தமிழில் இதற்கு ஏற்கெனவே இலக்கணம் உண்டு. ஐந்திணையில் மருதத்தின் உரிப்பொருள் ஊடல். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. அறம், அரசு, படை, குடி எல்லாம் பேசி முடித்த நூல் கடைசியில் வந்து அமர்வது ஒரு கோபித்த முகத்தின் எதிரில்தான். ஹிர்ஷ்மனின் குரலுக்கும் வள்ளுவரின் குறளுக்கும் இடையில் இரண்டு எழுத்துதான் வேறுபாடு என்பதை இந்த ஆய்வு சான்றாகக் கொள்ளவில்லை. கொள்ளத் தோன்றியது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறது.

3. முதற்பொருள்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலம் கலிபோர்னியாவின் குப்பர்டினோ. நிறுவனத்தின் சொந்த வளாகத்து அரங்கு. பொழுது 2016 அக்டோபர் 27, காலை 10 மணி. தமிழ்நாட்டில் கண்விழித்து நேரலை பார்த்தவர்களுக்கு அது இரவு பத்தரை, ஐப்பசி மாதம். அதாவது சிறுபொழுது யாமம், பெரும்பொழுது கூதிர். இரண்டும் குறிஞ்சிக்கு உரியவை. குறிஞ்சியின் உரிப்பொருளோ புணர்தல்.

நான்கு ஆண்டுகளாகப் பெரிய மாற்றம் இல்லாமல் வந்துகொண்டிருந்த மேக்புக் ப்ரோவின் புதிய உருவத்துக்காகக் காத்திருந்தவர்கள் அந்த நம்பிக்கையோடுதான் உட்கார்ந்தார்கள். நிகழ்ச்சி முடிந்தபோது பொழுது குறிஞ்சியாகவே இருந்தது, மனநிலை மருதமாகிவிட்டது. இலக்கணிகள் இதைத் திணை மயக்கம் என்பார்கள்.

4. கருப்பொருள்

தெய்வம், உணவு, புள், பண் என்று கருப்பொருள்கள் பல. இடம் கருதி முக்கியமானவை மட்டும் இங்கே தரப்படுகின்றன.

தெய்வம்: மூடியின் வெளிப்பக்கத்தில் வெள்ளையாக ஒளிரும் கடித்த ஆப்பிள். காபிக் கடையில் எதிர்மேசைக்காரருக்குத் தெரியும்படி எரிந்துகொண்டிருந்த இந்த விளக்கு 2016 மாடலில் அணைந்தது. அந்த இடத்தில் கண்ணாடிபோல மினுங்கும் தகடு வந்தது.

பண்: கணினி விழிக்கும்போது எழும் அந்த ஒற்றை மணியோசை. 2016 மாடலில் மூடியைத் திறந்தாலே கணினி தானாக எழுந்தது, ஓசையில்லாமல்.

புள்: பட்டாம்பூச்சி. இது கவிதை நயத்துக்காகச் சொன்னதல்ல. விசைகளுக்கு அடியில் இருந்த புது அமைப்புக்கு நிறுவனமே சூட்டிய பெயர் பட்டர்ஃபிளை. பழந்தமிழில் வண்டும் புள்தான் என்பதால் இலக்கணப்படி இடறல் இல்லை. இடறல் வேறு இடத்தில் வரும்.

உணவு: மின்சாரம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2006 ஜனவரியில் முதல் மேக்புக் ப்ரோவோடு மேக்சேஃப் என்ற சார்ஜர் முனை வந்தது. முனையில் காந்தம். லேப்டாப்பின் ஓரத்தருகே கொண்டுபோனாலே போதும், அதுவே தாவிப் போய் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். சார்ஜ் ஏறும்போது சின்ன ஆரஞ்சு விளக்கு, நிறைந்ததும் பச்சை. ஜப்பானில் வெந்நீர்க் கெண்டிகளுக்கு இதே காந்த முனை முன்பே இருந்தது. கம்பி காலில் மாட்டினால் கொதிநீர் கவிழக் கூடாது என்பதற்காக. லேப்டாப்பிலும் அதே பயன்தான். வீட்டில் குழந்தை ஓடும், சார்ஜர் கம்பி காலில் சிக்கும், முனை மட்டும் கழன்று தரையில் விழும், லேப்டாப் மேசையில் அப்படியே இருக்கும். உரிமையாளர் ஒரு மூச்சு விட்டுவிட்டுக் குனிந்து முனையை எடுத்து மறுபடி காட்டுவார். டக். சார்ஜர் கட்டியின் பக்கங்களில் இரண்டு சிறு காதுகள் விரியும், கம்பியைச் சுற்றி வைக்க. பத்து ஆண்டுகள் இதை அனுபவித்த கை, சார்ஜர் என்றால் இப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டது.

2016இல் காந்தம் போனது, விளக்கு போனது, காதுகளும் போயின. யூஎஸ்பி-சி முனையைத் துளைக்குள் செருக வேண்டும். கால் தட்டினால் லேப்டாப்பும் கூடவே வரும்.

5. வாயில்

இந்த ஆய்வின் மையச் சொல் இது. தமிழில் வாயில் என்றால் கதவு. உள்ளே போகவும் வெளியே வரவும் உள்ள வழி. போர்ட் என்று எல்லோரும் சொல்லும் துளைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அகத்திணையில் வாயில் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: ஊடியிருக்கும் தலைவியைச் சமாதானப்படுத்தத் தலைவன் அனுப்பும் தூதுவர்.

குப்பர்டினோ செய்தது இதுதான்: முதல் வகை வாயில்களை எடுத்துவிட்டு, இரண்டாம் வகை வாயிலை அனுப்பியது.

தரவுகளைப் பார்க்கலாம். 2015இன் 15 அங்குல மாடலில் இருந்த வாயில்கள் எட்டு: சார்ஜருக்கு ஒன்று, தண்டர்போல்ட் இரண்டு, யூஎஸ்பி இரண்டு, ஹெச்டிஎம்ஐ ஒன்று, கேமராவின் எஸ்டி கார்டுக்கு ஒன்று, ஹெட்ஃபோனுக்கு ஒன்று. 2016 மாடலில் இருந்தவை ஐந்து. அவற்றில் நான்கு ஒரே அச்சில் வார்த்த யூஎஸ்பி-சி துளைகள், ஐந்தாவது ஹெட்ஃபோன். 13 அங்குலத்தின் விலை குறைந்த வகையில் யூஎஸ்பி-சி துளை இரண்டே இரண்டு.

நிறுவனத்தின் தரப்பையும் பதிவு செய்வது ஆய்வு நேர்மை. புதிய துளை ஒவ்வொன்றும் விநாடிக்கு 40 ஜிகாபிட் வேகம் கொண்டது. சார்ஜ், திரை, டிஸ்க் எதையும் எதிலும் செருகலாம், இடப்பக்கமோ வலப்பக்கமோ. 15 அங்குல மாடலின் எடை 2.04 கிலோவிலிருந்து 1.83 கிலோவாகக் குறைந்தது. தடிமன் 18 மில்லிமீட்டரிலிருந்து 15.5க்கு வந்தது. 1998இல் முதல் ஐமேக்கில் ஃபிளாப்பி டிரைவை எடுத்தபோதும் இப்படித்தான் கூச்சல் எழுந்தது, உலகம் பிறகு ஃபிளாப்பியை மறந்தது என்று அதன் வழக்கறிஞர்கள் சொன்னார்கள்.

வழக்கறிஞர்கள் இன்னொரு முன்னுதாரணத்தைச் சொல்லாமல் விட்டார்கள். 2008 அக்டோபரில் வந்த அலுமினிய மேக்புக்கில் ஃபயர்வயர் துளை எடுக்கப்பட்டது. வீடியோ கேமராக்காரர்கள் ஊடினார்கள். 2009 ஜூனில் அதே 13 அங்குலம் மேக்புக் ப்ரோ என்ற பெயரில் ஃபயர்வயரோடும் எஸ்டி கார்டு துளையோடும் திரும்பி வந்தது. ஊடலுக்குப் பலன் உண்டு என்று வாடிக்கையாளர் அன்றே கற்றுக்கொண்டார்.

6. வாயில் நேர்தலும் மறுத்தலும்

டாங்கிள் என்று அழைக்கப்படும் அடாப்டர்தான் தலைவன் அனுப்பிய தூது. ஒரு சாண் வெள்ளைக் கம்பி; ஒரு முனை புதிய லேப்டாப்புக்கு, மறுமுனை பழைய உலகத்துக்கு. பென்டிரைவுக்கு ஒன்று, புரொஜெக்டருக்கு ஒன்று, கேமரா கார்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனி விலை.

அறிமுகமாகி எட்டே நாளில், நவம்பர் 4 அன்று, நிறுவனம் இவற்றின் விலையைக் குறைத்தது. சாதாரண யூஎஸ்பி அடாப்டர் 19 டாலரிலிருந்து 9 டாலருக்கு வந்தது. தண்டர்போல்ட் அடாப்டர் 49இலிருந்து 29க்கு. சலுகை ஆண்டிறுதி வரை என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள். இலக்கணப்படி இது பாணனைப் பரிசுப் பொருளோடு அனுப்புவது. தலைவி பரிசைப் பார்த்ததும் இரண்டு முடிவுகளுக்கு வருவாள்: ஒன்று, தவறு தவறுதான் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது, இரண்டு, பரிசு ரொம்பச் சின்னது.

தொல்காப்பியம் பன்னிரண்டு வாயில்களைச் சொல்கிறது. அவற்றுள் விருந்தினரும் உண்டு. வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டால் தலைவி ஊடலை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு முகம் மலர்ந்தாக வேண்டும். இந்த விதி 2016க்குப் பிறகு எழுத்துப் பிசகாமல் நடந்தது. பழைய நண்பர் பென்டிரைவோடு வருவார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் மேசை டிராயரைத் திறப்பார், பிறகு பைக்குள் தேடுவார், பிறகு இன்னொரு பைக்குள். முகத்தில் புன்னகை மாறாது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதில் பென்டிரைவ் போகாது என்று விருந்தாளிக்குத் தெரிந்துவிடக் கூடாது. ஊரெல்லாம் புகழ்ந்த கணவரைப் பிறந்த வீட்டார் முன் விட்டுக்கொடுக்க முடியாத அதே நிலை.

7. மெய்ப்பாடுகள்

மெய்ப்பாடு எட்டு. எட்டும் ஒரே லேப்டாப்பில் கிடைப்பது ஆய்வுலகில் அரிது.

நகை. 2016 செப்டம்பரில் இதே நிறுவனம் ஐபோன் 7 வெளியிட்டது. அதில் ஹெட்ஃபோன் துளையை எடுத்தார்கள். மேடையில் நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவர் பில் ஷில்லர் அதற்குக் காட்டிய காரணம் துணிச்சல். ஏழு வாரம் கழித்து லேப்டாப்பில் பழைய துளைகளை எல்லாம் எடுத்துவிட்டு ஹெட்ஃபோன் துளையை மட்டும் விட்டுவைத்தார்கள். விளைவு: புதிய ஐபோனோடு பெட்டியில் வந்த கம்பி புதிய லேப்டாப்பில் ஏறாது. அந்தப் போனோடு வந்த இயர்ஃபோனும் ஏறாது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே ஆண்டில் பிறந்தவர்கள், பேச்சுவார்த்தை இல்லை.

மருட்கை. மேல் வரிசை விசைகள் இருந்த இடத்தில் டச் பார் என்ற ஒளிப்பட்டை வந்தது. 2170க்கு 60 பிக்சல். ஓடும் செயலிக்கு ஏற்ப உருமாறும். கடையில் பார்த்தவர் அரை மணி நேரம் இமோஜிகளைத் தள்ளித் தள்ளி வியந்தார். அந்த வியப்பு வீடு வரை வந்ததா என்பதற்குச் சான்றுகள் மாறுபடுகின்றன. எஸ்கேப் விசையும் அந்தப் பட்டையில் ஒரு படமாகிவிட்டது. பில் ஜாய் 1976இல் எழுதிய விஐ என்னும் எடிட்டரிலும் அதன் வாரிசுகளிலும் வாழும் நிரல்காரருக்கு எஸ்கேப் என்பது மூச்சு மாதிரி; நாளுக்கு நூற்றுக்கணக்கான தடவை இடது சுண்டுவிரல் அங்கே போய்வரும். விரல் போனது. கண்ணாடி இருந்தது. அழுந்தியதா இல்லையா என்று விரலால் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்து கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளாகக் கீபோர்டைப் பார்க்காமல் தட்டியவர் குனிந்து பார்க்கும் அந்தக் கணத்தில்தான் இந்த ஊடல் பிறந்தது. அறிவு அதற்குப் பிறகுதான் காரணங்களைத் தேடத் தொடங்கியது.

இளிவரல். கருத்தரங்க மேடையில் ஏறிய பிறகு, "யார்கிட்டயாவது டாங்கிள் இருக்கா?" என்று சபையைக் கேட்பது.

அச்சம். பட்டாம்பூச்சி விசை மெல்லியது. அடியில் ஒரு தூசி போனால் விசை அழுந்தாது, அல்லது ஒரு தடவை தட்டினால் இரண்டு எழுத்து விழும். இதற்கு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியைச் சடங்கு நூல்களோடு வைத்துப் படிக்க வேண்டும். லேப்டாப்பை 75 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். காற்று டப்பாவால் இடமிருந்து வலமாக ஊத வேண்டும். வலப்பக்கம் திருப்பி மீண்டும் ஊத வேண்டும். இடப்பக்கம் திருப்பி மீண்டும். 75 டிகிரி என்று குறிப்பிட்டவர் 70 ஏன் ஆகாது என்பதற்கு விளக்கம் தரவில்லை. மேசையில் முறுக்குத் தின்பது அன்றிலிருந்து நின்றது.

அழுகை. 2019 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் தொழில்நுட்பக் கட்டுரையாளர் ஜோனா ஸ்டெர்ன் தம் லேப்டாப்பில் ஒழுங்காக வேலை செய்யாத ஆங்கில எழுத்துகளை விட்டுவிட்டே ஒரு கட்டுரையை வெளியிட்டார். ஈ, ஆர் என்ற இரண்டும் தலைப்பிலிருந்தே காணாமல் போயிருந்தன. ஆங்கிலத்தில் ஈ இல்லாமல் எழுதுவது தமிழில் துணைக்கால் இல்லாமல் எழுதுவதற்குச் சமம். நிறுவனம் பதில் சொன்னது: பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே, அதற்காக வருந்துகிறோம்.

வெகுளி. 2018 மே மாதம் கலிபோர்னியாவில் கூட்டு வழக்கு தொடுக்கப்பட்டது. ஜூன் 22 அன்று கீபோர்டுகளை இலவசமாகப் பழுது பார்க்கும் திட்டத்தை நிறுவனம் அறிவித்தது. வாங்கி நான்கு ஆண்டுகள் வரை செல்லும் என்றது. வழக்கு 2022 ஜூலையில் 5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு இணக்கமானது. திரும்பத் திரும்பப் பழுது பார்த்தவருக்கு அதிகபட்சம் 395 டாலர்.

பெருமிதம். 2015 மாடலை விடாமல் வைத்திருந்தவர்கள். நிறுவனமே அந்தப் பழைய 15 அங்குலத்தை 2018 ஜூலை வரை புதியவற்றின் பக்கத்தில் வைத்து விற்றது. மூத்தவள் வீட்டுக்கும் கொஞ்ச காலம் போய்வந்தார் என்று கொள்க.

உவகை பத்தாம் பகுதியில் வரும்.

8. ஒப்பியல்: கறுப்புப் பெட்டி மரபு

ஊடல் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதல்ல. 1992 அக்டோபரில் ஐபிஎம் வெளியிட்ட திங்க்பேட் 700சி ஒரு கறுப்புப் பெட்டி. வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பர் அதற்கு ஜப்பானியச் சாப்பாட்டுப் பெட்டியை மாதிரியாகக் கொண்டார். நடுவில் சிவப்புக் குமிழ். விரலை நகர்த்தாமல் அம்பை நகர்த்த. 2005இல் வணிகம் லெனோவோவுக்குக் கைமாறிய பிறகும் வாடிக்கையாளர்கள் குமிழோடு கூடவே போனார்கள்.

2012இல் ஏழு வரிசை கீபோர்டு ஆறு வரிசையாயிற்று. ஊடல். 2013இல் குமிழுக்கு உரிய மூன்று தனிப் பொத்தான்கள் டச்பேடுக்குள் கரைந்தன. பேரூடல். 2015 மாடல்களில் பொத்தான்கள் திரும்பின. 2014இன் எக்ஸ்1 கார்பனில் மேல் வரிசை விசைகளை எடுத்துவிட்டு உருமாறும் தொடுபட்டை ஒன்றை வைத்தார்கள். அடுத்த ஆண்டே விசைகள் திரும்ப வந்தன. டச் பார் வருவதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பக்கத்துத் தெருவில் நடந்த இந்தச் சண்டை குப்பர்டினோ வரை கேட்கவில்லை போலும்.

இந்த மரபின் உச்சம் 2017. திங்க்பேடின் வடிவமைப்புத் தலைவர் டேவிட் ஹில், பழைய உறுப்புகளோடு ஒரு லேப்டாப் வேண்டுமா என்று 2015இல் வாடிக்கையாளர்களைக் கேட்டிருந்தார். பதில்கள் குவிந்தன. இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்குத் திங்க்பேட் 25 வந்தது, ஏழு வரிசைகளோடு. பழைய ஊடலை நினைவுச் சின்னமாக்கி அதையே விலைக்கு விற்ற இன்னொரு குடும்பம் இந்த ஆய்வாளருக்குத் தென்படவில்லை.

9. முரண் தரவு

எந்த ஆய்வேட்டிலும் கருதுகோளைக் கவிழ்க்க வரும் ஓர் எண் இருக்கும். இங்கே அது 724 கோடி.

2016 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டில், அதாவது மேலே சொன்ன கூச்சல் எல்லாம் உச்சத்தில் இருந்த மூன்று மாதங்களில், மேக் கணினிகளிலிருந்து நிறுவனத்துக்குக் கிடைத்த வருவாய் 724 கோடி டாலர். அதுவரை காணாத உச்சம். விற்றவை 53 லட்சத்துக்கும் மேல். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் முதன்முறையாக ஒரு மேக்புக் ப்ரோவைப் பரிந்துரைக்க மறுத்ததும் இதே டிசம்பரில்தான். பேட்டரி ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி நின்றது. காரணம் சஃபாரியின் ஒரு பிழை என்று தெரிந்து, சரிசெய்த பிறகு ஜனவரியில் பரிந்துரை வந்தது.

நினைவகத்திலும் கதை இதுவே. 16 ஜிபிக்கு மேல் கிடையாது. அதைத் தாண்டினால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், பேட்டரி சீக்கிரம் தீரும் என்பது ஷில்லர் தந்த விளக்கம். கணக்குப் பார்க்கும் வாடிக்கையாளர் உடனே பேட்டரியைப் பார்த்தார். 15 அங்குலத்தில் அது 99.5 வாட்-மணியிலிருந்து 76ஆகச் சுருங்கியிருந்தது. அரிசி குறைந்துவிட்டதால் விருந்தைக் குறைத்தோம் என்று சொன்னவர், பானையை மாற்றியவரும் அவரே.

இத்தனையும் தெரிந்து, இத்தனையும் நாலு பேரிடம் சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் வாங்கினார். 15 அங்குலத்தின் தொடக்க விலை 2,399 டாலர். டாங்கிள் தனி.

பொருளியலாளர் இதைக் கண்டு குழம்புவார். மருதத்திணை படித்தவருக்குக் குழப்பம் இல்லை. வாயில் மறுத்த தலைவி கதவைச் சாத்துவாள், வீட்டைக் காலி செய்ய மாட்டாள். இருபது ஆண்டுக் கோப்புகள், பழகிய குறுக்குவிசைகள், பணம் கொடுத்து வாங்கிய செயலிகள், மைத்துனரிடம் சொன்ன சொல் எல்லாம் அந்த வீட்டுக்குள் இருக்கின்றன. "பிடிக்கலைன்னா வாங்காதீங்க" என்ற தீர்ப்பு தோற்கும் இடம் இது: அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் பிரச்சினை. முதன்முறை வாங்குபவருக்கு எஸ்கேப் விசை காணாமல் போகவில்லை. அது அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது.

10. ஊடல் தணிதல்

2019 நவம்பர் 13 அன்று 16 அங்குல மேக்புக் ப்ரோ வந்தது. பட்டாம்பூச்சி பறந்துவிட்டது. பழைய கத்தரி அமைப்பு விசை திரும்பியது, ஒரு மில்லிமீட்டர் அழுத்தத்தோடு. டச் பார் கொஞ்சம் சுருங்கி இடப்பக்க மூலையில் நிஜமான எஸ்கேப் விசைக்கு இடம் விட்டது. ஒரு விசை திரும்பி வந்ததைத் தலைப்புச் செய்தியாக எழுதிய காலம் அது.

2021 அக்டோபர் 18. ஹெச்டிஎம்ஐ துளை, எஸ்டி கார்டு துளை, முழு உயர மேல் வரிசை விசைகள், காந்த சார்ஜர். கடைசியாகச் சொன்னதற்கு மேக்சேஃப் 3 என்று பெயர். எடை ஏறியது: 16 அங்குலம் 2.1 கிலோ, 2015இன் 15 அங்குலத்தைவிடக் கூடுதல். எடைக்காகத் துளைகளை எடுத்த காலத்தை யாரும் நினைவூட்டவில்லை. வெளியூரிலிருந்து திரும்பிய தலைவன், சென்ற ஐந்து ஆண்டுகளைப் பற்றி எதுவும் பேசாமல், அவளுக்குப் பிடித்த பூவை மட்டும் புதிதாகக் கண்டுபிடித்தது போல நீட்டினான்.

கடையில் பெட்டியைப் பிரித்த வாடிக்கையாளர் முதலில் சார்ஜரை எடுத்தார். முனையை லேப்டாப்பின் ஓரத்துக்கு அருகே கொண்டுபோனார். டக். எட்டாவது மெய்ப்பாடு இங்கே பதிவாகிறது. அவர் முனையைப் பிடுங்கி, மறுபடி காட்டினார். டக். விற்பனையாளர் பையன் பொறுமையாக நின்றான்.

டச் பார் மட்டும் விலை குறைந்த 13 அங்குலத்தில் இன்னும் சில காலம் ஒண்டியிருந்து, 2023 அக்டோபரில் விடைபெற்றது.

11. மேலாய்வுக்குரிய களங்கள்

அ. 2021 மாடலின் திரை உச்சியில் கேமராவுக்காக வெட்டப்பட்ட கறுப்புப் பள்ளம். கடையில் 'டக்' ஓசையில் மகிழ்ந்த வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்து திரையைப் பார்த்த நேரத்துக்கும் முகம் மாறிய நேரத்துக்கும் இடையே கழிந்த நிமிடங்களை அளக்கலாம்.

ஆ. டிராயரில் சேர்ந்த டாங்கிள்கள். வீசவும் மனமில்லாமல் பயனும் இல்லாமல் கிடக்கும் இவற்றைப் பழைய ரேஷன் கார்டு, பழைய செல்போன் சார்ஜர் ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஆராயலாம்.

இ. மேஜிக் மவுஸ். 2015இல் வந்த மாடலில் சார்ஜ் செய்யும் துளை வயிற்றுப் பக்கம் இருந்தது. சார்ஜ் ஏறும் நேரம் முழுக்க மவுஸ் மல்லாந்து கிடக்க வேண்டும். அப்போது அதைப் பயன்படுத்த முடியாது. ஒன்பது ஆண்டுகள் வாடிக்கையாளர்கள் இதைச் சொல்லிச் சொல்லி ஊடினார்கள். 2024 அக்டோபரில் புதிய மவுஸ் வந்தது. துளை யூஎஸ்பி-சி ஆகியிருந்தது. மவுஸைத் திருப்பிப் பார்த்தார்கள். வயிற்றிலேயே இருந்தது.